பூர்வீகம் என்கிற கட்டம்

ஆடலூருக்கு நான் போனது மிளகு வாங்க. வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உண்மையில் மிளகு ஒரு சாக்கு. மார்கழிக் குளிரில் மலையேறிப் போய் ஒரு டீ குடிக்கவேண்டும் என்று ஆசை வந்தால், நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு ஏதாவது ஒரு மளிகைக் காரணம் தேவைப்படுகிறதே!

திண்டுக்கல்லிலிருந்து கன்னிவாடி, தருமத்துப்பட்டி தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும். கொடைக்கானலுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு போகிற கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. அதனாலேயே பழனி மலையின் இந்தக் கீழ்ப்பகுதி இன்னும் மலையாகவே இருக்கிறது. நிழலுக்குப் பெரிய மரங்கள், அதில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, நடுநடுவே வாழை. காப்பிப் பழம் பறிக்கிற நேரம். களங்களில் பழத்தைக் கொட்டிக் காயப் போட்டிருந்தார்கள். காற்றில் லேசான புளித்த வாசனை. "இருட்டுறதுக்குள்ள கீழ இறங்கிருங்க சார், யானை வருது" என்று டீக்கடைக்காரர் ஏதோ தபால்காரர் வருவதைச் சொல்வது மாதிரி சொன்னார்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். தலையில் மஃப்ளர், முழுக்கைச் சட்டை, கையில் டம்ளர். பேச்சை ஆரம்பிக்க நாம் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

நம்மிடையே இது கேள்வியே இல்லை, வணக்கம் சொல்வதற்குச் சமம். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டில் தினமும் யாரோ யாரையோ கேட்கிறார்கள். பதிலைக் கேட்டு "அப்படியா, அங்க எங்க மச்சினன் இருக்கான்" என்று ஆரம்பித்துவிடுவோம். பெரியவர் அப்படிச் சுலபமாகப் பதில் சொல்லவில்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார்.

"அதைத்தான் தம்பி நானும் அம்பது வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன்."

கடைக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அவரு சிலோன் தாத்தா சார்."

பெரியவர் பிறந்தது இலங்கையில், பூண்டுலோயா பக்கம் டன்சினன் தோட்டத்தில். டன்சினன் என்பது ஸ்காட்லாந்தில் இருக்கிற ஒரு குன்றின் பெயர். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊர் ஞாபகம் தாங்காத யாரோ ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தன் ஊர்ப் பெயரை இலங்கை மலையில் நட்டிருக்கிறார். பால்மோரல், ஹோலிரூட், எடின்பரோ என்று மலையகத் தோட்டங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனால் பாதி ஸ்காட்லாந்து வந்துவிடும். அந்தப் பெயர்களின் கீழே லயத்தில் குடியிருந்தது மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலத்து ஜனங்கள். அவர்கள் தங்கள் ஊரின் பெயரை எந்த மலைக்கும் வைக்க முடியவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

1974ல், இருபத்திரண்டு வயதில், பெரியவர் அம்மா அப்பாவோடு தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து இறங்கினார். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரி படித்திருப்பீர்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி போட்டது. நாடற்றவர்கள் என்று கணக்கு எடுக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. பிறகு, 1974ல், அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பித்தளைப் பாத்திரம்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை.

அவர்கள் ஏன் நாடற்றவர்கள் ஆனார்கள்? இலங்கை சுதந்திரம் வாங்கிய 1948லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. உன் அப்பா இலங்கையில் பிறந்தவர் என்பதற்குச் சான்று காட்டு என்றது. தோட்டத்து லயத்தில் பிறந்த அப்பாவுக்குச் சான்று ஏது? காட்ட முடியவில்லை. குடியுரிமை போச்சு.

பெரியவர் இதைச் சொல்லும்போது கோபமே இல்லை. "அங்க, எங்கப்பா அங்கதான் பொறந்தாருன்னு காயிதம் கேட்டாங்க தம்பி. இங்க, எங்க தாத்தா இங்கதான் பொறந்தாருன்னு காயிதம் கேக்குறாங்க. ரெண்டு பக்கமும் காயிதம் இல்லாத குடும்பம்."

இங்கே யார் கேட்டது? அதுதான் விஷயம். பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஓர் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பூர்வீக ஊரிலே விசாரித்து எழுத்து வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவர் மடியிலிருந்து பாலிதீன் பை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை, அந்தக் காலத்துப் பாஸ்போர்ட். பூர்வீகம் என்று இருந்த இடத்தில் மையில் எழுதியிருந்தது: புதுப்பட்டி, திண்டுக்கல் தாலுகா, மதுரை ஜில்லா.

புதுப்பட்டி! உங்களில் திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக்காரர்கள் இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். முன்னால் ஓர் எழுத்துப் போட்டுப் பிரிக்கவேண்டிய அளவுக்கு இங்கே புதுப்பட்டிகள். 1974ல் வந்து இறங்கியதும் அப்பாவும் மகனுமாக இரண்டு புதுப்பட்டிக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார்களாம். யாருக்கும் தெரியவில்லை. கையில் இருந்த காசு தீர்ந்தது. ஒரு கான்ட்ராக்டர் முன்பணம் கொடுத்து, தோல் பதனிடுவதற்காக வாட்டில் மரப்பட்டை உரிக்கிற வேலைக்குக் கொடைக்கானல் காட்டுக்கு அழைத்துப் போனார். முன்பணத்தைக் கழிக்கவே ஆறு வருஷம் ஆனது. அந்த ஆறு வருஷத்தைப் பற்றிப் பெரியவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "அப்பா அங்கயே போயிட்டாரு." பிறகு ஆடலூர், காப்பித் தோட்டம், கல்யாணம், பிள்ளைகள்.

எனக்கு அந்தப் பாலிதீன் பையைப் பார்த்ததும் வேறொரு ஃபைல் ஞாபகத்துக்கு வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் கொடைக்கானலில் ஓர் ஆஸ்திரேலியத் தம்பதியைச் சந்தித்தேன். அந்த அம்மாளின் கொள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து இலங்கைக்குக் காப்பித் தோட்டத் துரையாக வந்தவர். 1869ல் காப்பியில் இலைநோய் விழுந்து தோட்டங்கள் அழிய ஆரம்பித்ததும் இந்தப் பக்கம் வந்துவிட்டார். அவர் கல்லறையைத் தேடி இவர்கள் வந்திருந்தார்கள். ஃபைலைத் திறந்து காட்டினார் பாருங்கள், எனக்கு மூச்சு நின்றது. ஞானஸ்நானப் பதிவு, கப்பல் பட்டியல், எந்த வருஷம் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று காட்டுகிற ஃபெர்குசன் டைரக்டரியின் பக்கங்கள், அடக்கப் பதிவின் நகல். சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளை எல்லாம் தொகுத்து காட்டன் என்கிற அதிகாரி 1905லேயே ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். செத்தவர்களைக்கூட அவர்கள் விடுவதில்லை. அந்த அம்மாள் ஒரு பாசி படிந்த கல்லின் மேல் கையை வைத்து ரொம்ப நேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஸ்காட்லாந்திலும் செம்மறியாடு மேய்ப்பதற்காகக் குடியானவர்களைக் குடிசையிலிருந்து கிளப்பி விரட்டியிருக்கிறார்கள். கப்பலேறியதில் பலர் அப்படிப்பட்ட ஏழைகள்தான். அயர்லாந்தின் கதை இன்னும் மோசம். 1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிடக் கூடுதலானவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளைக்கு முதல் நாள் ராத்திரியே ஊர் கூடி இழவு காத்து அனுப்புகிற வழக்கம் அங்கே இருந்தது. திரும்பி வரமாட்டான் என்று தெரியும். அதனால் உயிரோடு இருக்கும்போதே அழுது முடித்துவிடுவது. அங்கேயும் காகிதம் போன கதை உண்டு. 1922ல் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, பல நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாகிவிட்டன. இன்றைக்கும் வேரைத் தேடுகிற ஐரிஷ்காரர்கள் அந்தத் தீயைச் சபிக்கிறார்கள்.

அவர்களுக்கு எரிந்தது. நமக்கு எழுதவே இல்லை.

எழுதவே இல்லை என்று சொன்னால் தப்பு. கொத்தடிமை ஒப்பந்தத்தில் தூர தேசம் போனவர்களை எழுதியிருக்கிறார்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் பட்டியல் உண்டு. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் உடல் அடையாளம். நெற்றியில் தழும்பு, வலது காலில் மச்சம் என்று மாட்டுச் சந்தையில் குறிப்பது மாதிரி குறித்திருக்கிறார்கள். மொரீஷியஸில் ஃபோட்டோகூட எடுத்து வைத்திருக்கிறார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய பட்டியல் அது. இன்றைக்கு தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் பேரப்பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டுதான் நம்மூர்ப் பக்கம் காரில் வந்து இறங்கி, தமிழ் தெரியாமல் விழிக்கிறார்கள்.

இலங்கைக்குப் போனவர்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. பக்கத்து வீடு மாதிரிதானே! கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். கடன் கொடுப்பார். கூட்டிக்கொண்டு போய்விடுவார். கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடை. வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. துண்டு என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆள் மாறும்போது கொடுக்கிற சீட்டு. அதில் ஆளைவிட அவர் கடன்தான் முக்கியம். 1921ல்தான் அதை ஒழித்தார்கள். கழுத்தில் தொங்கவிட்ட தகர வில்லையிலும் தோட்டத்தின் அடையாளம்தான். ஊரில் ஒரு குழி நிலம் இருந்தாலாவது பட்டாவில் பெயர் இருக்கும். பஞ்சத்துக்குப் பயந்து போனவர்களில் பெரும்பாலோருக்கு நிலமே கிடையாது.

தேயிலையை இலங்கையில் தொழிலாக்கிய ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். 1852ல் பதினாறு வயதுப் பையனாக வந்து இறங்கியவர். அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பையனுக்கு வீட்டு ஞாபகம் வந்தது என்று நமக்குத் தெரியும். அவர் தோட்டத்தில் குழி வெட்டிய நம்மாட்களுக்கும் வந்திருக்குமல்லவா?

சரி, ஆடலூர் டீக்கடைக்கு வருவோம். நான் பெரியவரிடம் கேட்டேன். "வேற ஏதாச்சும் அடையாளம் சொல்லியிருக்காங்களா? குலதெய்வம்?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கருப்பு. எங்க அப்பத்தா சொல்லிக்கிட்டே இருக்கும். ஓடைக்கரையில, ஏழு புளியமரம். ஏழாவது மரத்தடியில கருப்பு. கோயில் கிடையாது, வெறும் அருவாதான். லயத்துக்குப் பின்னால அப்பத்தா ஒரு அருவாள நட்டு வச்சுத்தான் கும்பிட்டுச்சு."

நான் மிளகை மறந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை அவரோடு அலைந்தேன். முதல் புதுப்பட்டியில் ஓடை இருந்தது, கருப்பு இல்லை. இரண்டாவதில் கருப்பு இருந்தார், சிமென்ட் குதிரையெல்லாம் போட்டு ஜம்மென்று. புளியமரம் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாவது புதுப்பட்டியில் ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு புளியமரம் நின்றது. மீதி எல்லாம் ரோடு அகலப்படுத்தும்போது போய்விட்டதாம். கொஞ்சம் தள்ளி ஒரு மேடு. மேட்டில் ஐந்தாறு துருப்பிடித்த அரிவாள்.

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்ததைத்தான் உங்களிடம் சொல்லவேண்டும். ஊருக்குள் போய் விசாரித்தோம். திண்ணையில் இருந்த ஒரு கிழவி, "கண்டிச்சீமைக்குப் போனவுகளா? எங்க மாமியா சொல்லும், ரெண்டு குடும்பம் போச்சுன்னு" என்று ஆரம்பித்தாள். பெரியவர் தாத்தாவின் பட்டப்பெயரைச் சொன்னார். கிழவியின் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து மகன் வந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஆத்தா, உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்றார். என்னிடம் திரும்பி, "அப்படி யாரும் இங்கயிருந்து போகல சார். நீங்க அடுத்த புதுப்பட்டியில கேளுங்க" என்றார். கிழவி தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் புரிந்தது. பெரியவருக்கும் புரிந்தது. கைகூப்பி, "ஐயா, நான் பங்கு கேட்டு வரல. வீட்டடி மனை ஒரு அடி வேணாம். இவுக எங்க வகையறாதான்னு ஒரு எழுத்து, அம்புட்டுத்தான். பேத்தி படிக்கணும்" என்றார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை. அது எந்தப் புதுப்பட்டி என்று நான் எழுதப் போவதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் பெரியவரைக் கேட்டார், "எந்த ஊருங்க?" பெரியவர் ஜன்னலைப் பார்த்தபடி, "ஆடலூர்" என்றார்.

சான்றிதழ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்ப அட்டையை வைத்து, ஆடலூரிலேயே விசாரணை செய்து, ஏழு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். அந்த வருஷக் கல்லூரி சேர்க்கை அதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு வருஷம் காப்பிப் பழம் பறித்துவிட்டு அடுத்த வருஷம் சேர்ந்தாள்.

அந்தப் புதுப்பட்டிக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர முடியாது. காரணம் இருக்கிறது.

என் தாத்தாவுக்கு ஒரு தம்பி. 1935 வாக்கில் கண்டிச்சீமைக்குப் போனவர். சின்னப் பிள்ளையிலிருந்து அவரை வளர்த்தது என் அப்பத்தாதான். ஒவ்வொரு பொங்கலுக்கும் கொழுந்தனைச் சொல்லி ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் பானையை இறக்கும். அப்பத்தா இறந்த பிறகு அதன் டிரங்குப் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. இலங்கை ஸ்டாம்ப், ஹட்டன் முத்திரை, 1946. யாரையோ வைத்து எழுதியிருக்கிறார். எல்லோரையும் விசாரித்துவிட்டு, 'ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, அப்பா பெயரையே வைத்திருக்கிறேன்' என்று முடிகிறது.

அதே பெட்டியில் 1961ஆம் வருஷத்துப் பத்திரம் ஒன்றும் இருந்தது. அதில் என் தாத்தா கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: தம்பி சந்ததியில்லாமல் காலமாகிவிட்டபடியால் அவர் பாகமும் தனக்கே பாத்தியம் என்று. இரண்டும் ஒரே மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. அந்த நிலத்தை 1988ல் விற்றார்கள். நான் அப்போது காலேஜில் சேர்ந்தேன்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன், ஆடலூர் டீக்கடையில் வைத்தே. ஹட்டன் முத்திரை என்றதும் கை விரித்தார். "ஹட்டனைச் சுத்தி எத்தனையோ தோட்டம் தம்பி. உங்களுக்குப் புதுப்பட்டி மாதிரி." கொஞ்ச நேரம் கழித்து, "எழுதிப் போடுங்க. எங்காளுங்க இந்தப் பக்கம் நீலகிரியில இருக்காங்க, வால்பாறையில இருக்காங்க, அங்கிட்டு இன்னும் லயத்துல இருக்காங்க. யாராச்சும் படிப்பாங்க" என்றார்.

அதனால் எழுதுகிறேன். பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எழுதுகிறவர்களே அதைச் சொல்லட்டும், அதுதான் ருசு. 1946ல் பிறந்த பிள்ளைக்கு இன்றைக்கு எண்பதை ஒட்டி வயது இருக்கும். அவர், இல்லையென்றால் அவர் பிள்ளைகள், பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போட்டால் போதும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். நேட்டால் பட்டியலில் எழுதுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

ஆண். கிளம்பியபோது வயது சுமார் 20. ஜில்லா மதுரை, தாலுகா மேலூர். தொழில் விவசாயம். உடல் அடையாளம்: இடது புருவத்துக்கு மேலே, மஞ்சுவிரட்டில் மாடு கிழித்த தழும்பு.